ஈரச் சீலையின் மறுபக்கம்

இன்றைக்கும் கொடியில் ஈர வேட்டியை விரித்துப் போட்டால், அதன் பின்னால் யாரும் நடந்துவிடக் கூடாதே என்று மனம் அடித்துக்கொள்கிறது. பயாஸ்கோப்புக் கூடாரத்தில் வேலை பார்த்த காலத்தில் என்னோடு ஒட்டிக்கொண்ட பயம் இது. கூடாரத்தின் நடுவே பெரிய வெள்ளைச் சீலை ஒன்றைக் குறுக்கே கட்டி, படம் தொடங்குமுன் ஆற்றுத் தண்ணீரை அள்ளி அதில் அடிப்போம். நனைந்த சீலை வெளிச்சத்தை மறுபக்கமும் விடும். படம் காட்டும் எந்திரம் இருக்கிற பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். பெண்களுக்கு எல்லாமே இடம் வலம் மாறித் தெரியும். அதனால் யாருக்கு என்ன குறை வந்துவிடும் என்று நினைத்திருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாளையங்கோட்டையில் படித்த இங்கிலீஷை வைத்துப் படக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் பம்பாய்க்காரர், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. பகலில் அவர் பேச்சை ஊராருக்குச் சொல்வேன். படம் ஓடும்போது சீலையின் ஓரத்தில் பிரம்போடு நின்று, இன்னது நடக்கிறது என்று உரக்க விளக்குவேன். பிரம்பைப் பிடித்து நிற்கையில் எனக்கு இருந்த பெருமிதத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

மலையடிவாரத்தில் ஒரு பஞ்சாலை இருந்தது. வேலை முடிந்து தொழிலாளிகள் வெளியே வருவதைப் படம் பிடித்தால், தங்களைத் தாங்களே பார்ப்பதற்காகக் குடும்பத்தோடு வந்து குவிவார்கள் என்பது படக்காரரின் கணக்கு. ஆலை நிர்வாகம் சம்மதித்தது. ஆட்கள் சுத்தமாகவும் சந்தோஷமாகவும் தெரிய வேண்டும் என்று மட்டும் சொன்னது. வாசலுக்கு உள்ளே ஆளுக்கொரு வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள். படக்கருவியின் பார்வை முடிகிற இடத்தில் ஒருவர் கூடையோடு நின்று அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அந்த வரிசையில் என் சித்தப்பாவும் இருந்தார். பஞ்சு கோதும் எந்திரம் அவருடைய இடது கையில் மூன்று விரல்களைத் தின்றிருந்தது. நெஞ்சுக்குள் பஞ்சுத் தூசி அடைந்து, நாலு வார்த்தை பேசினால் இரண்டு முறை இருமுவார். படக்காரர் அவருடைய கையைப் பார்த்துவிட்டு, அது படத்தில் தெரியக் கூடாது என்று என்னிடம் சொன்னார். நான் சித்தப்பாவிடம் போனேன்.

"சித்தப்பா, அந்தக் கையைத் துண்டுக்குள்ள வச்சுக்கிடுங்க. கொஞ்சம் சிரிச்சுட்டே வாங்க."

"மறைச்சு வச்சா முளைச்சிருமாலே?" என்றார். பிறகு பக்கத்திலிருந்தவரைப் பார்த்து, "நம்ம பய தொரையாயிட்டான் வே. சிரிக்கச் சொல்லுதான், சிரிச்சு வைப்போம்" என்றார்.

சிரித்தபடியே வந்தார். கூடைக்காரரை நெருங்குகையில் தலையைத் திருப்பி, துண்டை உதறி, அந்தக் கையைத் தூக்கி ஆட்டினார். படக்காரர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தும் சொல்லவில்லை.

படச்சுருள் பம்பாய்க்குப் போய்க் கழுவப்பட்டுத் திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் சித்தப்பா போய்விட்டார். இருமலோடு வேலைக்குப் போனவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

சந்தைத் திடலில் முதல் ஆட்டம். சித்தி பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தாள். படத்தில் சித்தப்பா தோன்றியதும் மற்றப் பெண்கள் ஐயோ என்றார்கள். சித்தி எழுந்து வந்து சீலையில் உள்ளங்கையை வைத்தாள். அவர் அவள் விரல்களின் மேலேறி நடந்து போனார்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து ஆலைச் சங்கு ஊதுகிற நேரத்தில் அவருக்காகக் கதவைத் திறந்துவைத்து, வாசலில் செம்பு நிறையத் தண்ணீர் வைப்பது அவள் வழக்கம். அவர் செத்த பிறகும் அதை விடவில்லை.

"அது உங்க சித்தப்பா இல்லலே" என்றாள். "அவருக்குப் போனது இடது கை. அங்கன வந்ததுக்கு வலது கைல்லா மொட்டையா இருக்கு. அவரு உருவத்துல என்னமோ ஒண்ண நடக்க விட்டிருக்காங்க."

சீலையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்று விளக்கினேன்.

"சீலைய எந்தப் பக்கம் பாத்தாலும் பூ பூதாம்லே. கை மாறுமா?" என்றாள். பிறகு, "இனி தெனமும் ஆலை வாசல்ல இருந்து வெளிய வருவாராம். வீட்டுக்கு மட்டும் வரல. அவர உள்ளயும் விடாம வெளியயும் விடாம வச்சிருக்காங்க" என்றாள்.

இரண்டு வாரம் அந்தப் படம் ஓடியது. சித்தி சோறு உண்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். ஆலையில் நிழலைப் பிடித்துவைத்து வேலை வாங்குகிறார்கள் என்று ஊரில் பேச்சு எழுந்தது. படித்தவன் நான், அதைக் கேட்டுச் சிரித்தேன். ஆனால் கூடாரத்தில் தனியாகச் சீலையை நனைக்கும்போது மறுபக்கத்தைப் பார்க்காமல்தான் நனைத்தேன்.

கடைசியில் படக்காரரிடம் கெஞ்சி, ஒருநாள் கூட்டம் வருமுன் சித்தியை எந்திரத்தின் பக்கம் உட்காரவைத்தேன். அவளுக்காக மட்டும் சுருளை ஓட்டினார். சித்தப்பா வந்தார். தூக்கியது இடது கை.

"அவருதான்" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. உடனே, "ஏம்லே சிரிக்காரு?" என்றாள்.

சித்தி சீலையைக் கைகாட்டினாள்.

"அந்த வாசல்ல அவரு என்னைக்குச் சிரிச்சாரு? சட்ட யாருது? கை சரியாத்தான் இருக்கு. மூஞ்சிதான் அவருது இல்ல."

"நான்தான் சித்தி, சிரிக்கச் சொன்னேன்" என்றேன்.

அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வெகு சாதாரணமாக, கடைக்குப் போய் வரச் சொல்வதுபோலச் சொன்னாள்: "நீ சொன்னதுக்குத்தான் இன்னும் அங்கன நடக்காரா? அப்ப நீயே போகச் சொல்லு. வீட்டுக்குப் போகச் சொல்லு, ராசா."

அன்றைய ஆட்டத்தில் வழக்கமாகச் சொல்கிற வாக்கியம் வாயில் வரவில்லை. "உழைத்துக் களித்து வரும் தொழிலாளர்கள்" என்பதுதான் அது. அதற்குப் பதிலாக, வருகிறவர்களை ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தேன். இவருக்கு இரைப்பு, இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்குவார். இவள் பிள்ளை பெற்ற பதினோராம் நாள் வேலைக்கு வந்தவள். இந்தச் சட்டை இவருடையதல்ல. படத்தின் ஓரத்துக்கு அப்பால் சட்டையைத் திரும்ப வாங்கக் கூடை நிற்கிறது. படக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். சீலையின் இரண்டு பக்கமும் இருமல் மட்டும் கேட்டது.

அதுவரை கூட்டத்தைப் பார்த்தே விளக்கம் சொல்லிவந்த நான், அன்றுதான் சீலையின் பக்கம் திரும்பி நின்றேன். சித்தப்பா என்னை நோக்கி வந்தார். ஓரத்தை நெருங்கியதும் தலையைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தார். படம் பிடித்த அன்று நான் கருவியின் பக்கத்தில் நின்றதால் அந்தப் பார்வை அங்கே விழுந்திருக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பிரம்பு கையிலிருந்து நழுவியது. அவர் ஊருக்குக் கை காட்டவில்லை. என்னிடம்தான் கையைக் காட்டியிருக்கிறார்.

"சித்தப்பா, போதும். சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்றேன். சீலை வெறுமையாயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஆலைக்காரர்கள் வந்து படக்காரரிடம் விவரம் சொல்ல, என் வேலை போயிற்று. பெட்டியோடு சித்தி வீட்டு வாசலுக்கு வந்தபோது சங்கு ஊதியது. சித்தி வெளியே வந்தாள். முன்பே வாசலில் நிறைத்து வைத்திருந்த செம்பை எடுத்தாள், தண்ணீர் பாதிதான் இருந்தது. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். மிச்சத்தை வாசலில் ஊற்றிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அந்த நேரத்தில் அந்தக் கதவு சாத்தப்பட்டதை அன்றுதான் கண்டேன். உள்ளே சோற்றுச் சட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

இப்போது பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருக்கிறேன். ஊருக்கு வருகிற கூடாரங்களில் சீலையை நனைப்பதில்லை. எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்கிறோம். ஏழைகள் படும் பாட்டைச் சொல்கிற படங்கள்கூடச் சீமையிலிருந்து வருகின்றன. ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நான் அந்த முகங்களை விட்டுவிட்டுப் படத்தின் ஓரத்தைப் பார்க்கிறேன். அங்கே கூடையோடு யார் நிற்கிறார், அழு என்று சொன்னது யார் என்று. வீட்டுக்கு வந்து வேட்டியை நனைத்துக் கொடியில் போட்டதும் ஒருமுறை அதில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். குளிர்ச்சியாக இருக்கிறது. மறுபக்கம் போய்ப் பார்க்கிற தைரியம் இன்னும் வரவில்லை.