மேனேஜர் நக்கிய கால்

பத்து மணி வெயிலில் உப்புப் பாத்தியை விட்டு வரப்பில் ஏறியதும் கொளஞ்சியம்மாள் முதலில் தண்ணீர் குடிக்க மாட்டாள். இரண்டு கால்களையும் நீட்டிப் போட்டு, "ஏ மேனேஜரு, வா, ட்யூட்டியப் பாரு" என்பாள். செம்பட்டை நாய் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு வந்து குதிகாலில் ஆரம்பிக்கும். வெடிப்பு வெடிப்பாக நக்கும். "எடது கால வுட்டுட்டியே, அத யாரு செய்வா?" என்று அதட்டல் வேறு.

மரக்காணம் உப்பளத்தில் இருபத்தெட்டு வருஷமாக உப்பு வாருகிறவள். உப்புத் தண்ணீரில் ஊறி, உப்புக் கல்லில் அறுபட்டு, குதிகால் பாளம் பாளமாகப் பிளந்திருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் நான் களிம்பை நீட்டினால் சிரிப்பாள். "நாய் நாக்குல மருந்து இருக்குது தம்பி. உன் டியூப்புல இன்னா இருக்குது?" என் பிழைப்பைக் கெடுக்கவென்றே பிறந்த பெண்மணி.

கிருமி என்று வாயெடுத்தால் போச்சு. "உப்புல ஊறுன காலு இது. கருவாடே கெடறதில்ல, என் காலு கெடுமா?" நான் படித்த பார்மசியில் கருவாட்டுப் பாடம் கிடையாது. மேனேஜருக்குக் கால்நடை முகாமில் வெறிநாய்க்கடி ஊசி போட்டாகிவிட்டதாம். அதனால் அதன் வாய் சுத்தமாம். ஆனால் வீட்டுப் பூனை வாய் வைத்த பாலைக் கொட்டிவிடுவாள். பூனை வாய் விஷமாம். என்ன வைத்தியமோ! "வாயில்லா ஜீவன் தம்பி அது" என்று நாய்க்குச் சிபாரிசு வேறு. வாய்தானே அக்கா பிரச்சினையே என்றால் காதில் ஏறாது.

போன சித்திரையில் இடது குதிகால் சிவந்தது. மறுநாள் கணுக்கால் வரை வீக்கம், நடுக்குக் காய்ச்சல். "வெயில் சூடு" என்று சொல்லி, அன்றைக்கும் வேலைக்குப் போய் நாயை நக்க விட்டிருக்கிறாள், பாவி! மூன்றாம் நாள் மகள் பூவிழி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அன்று சாயங்காலம் நானும் பார்க்கப் போனேன். ரெண்டு நாளில் மருந்து கேட்கவில்லை என்றால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கேயும் வாதாடினாள். "உப்புல ஊறுன காலுங்க."

நர்ஸ் சங்கீதா ரத்தப் பரிசோதனைச் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "உப்பு வெளியதாம்மா. உள்ள ஓடுறது சக்கரை. நாய் வாயில இருக்கிற கிருமி நாய ஒண்ணும் பண்ணாது. உங்க வெடிப்பு வழியா உள்ள பூந்துச்சுன்னா அதுக்குக் கல்யாண சாப்பாடு."

கொளஞ்சியம்மாள் போர்வையை விலக்கி வீங்கிய காலைப் பார்த்தாள். "காலு போச்சுன்னா நின்னு உப்பு வார்றது எப்டிம்மா?" என்றாள். ரெண்டு வார்த்தை கேலி பேசலாம் என்று போன எனக்கு அழுகை வந்துவிட்டது.

கால் பிழைத்தது. பன்னிரண்டு நாள் ஊசி. இப்போது வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, என் கடைக் களிம்பைத் தடவி சாக்ஸ் மாட்டுகிறாள். "உன் யாவாரம் நடக்கணும்னு ஆண்டவன் என் கால்ல கை வச்சிட்டான்" என்று திட்டு மட்டும் எனக்கு.

நேற்று களிம்பு கொடுக்கப் போனபோது அவள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் ஓடிவந்து சாக்ஸை மோந்து பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தது. "போடா, உனக்கு வேலை போயிடுச்சு" என்றாள். அது போகவில்லை. கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். வலது உள்ளங்கையை வெயிலில் விரித்து, விரல் விரலாகப் பார்த்தாள். வெடிப்பு இருந்தது. இடது கையைப் பார்த்தாள். அதிலும் இருந்தது. இரண்டு கைகளையும் மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் ஜாக்கெட் கையை மேலே ஏற்றி, முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெடிப்பு இல்லை. அதை நாயின் முன்னால் நீட்டினாள்.