எலேனா ராணிக்கு ஒரு பிள்ளை

ரோசெண்டா மக்திபாய் மொத்தம் இருபத்து மூன்று படத்தில் நடித்தார். அத்தனையிலும் பொல்லாதவள். ஒரே ஒரு தடவை தாய் வேஷம் கேட்டுப் பார்த்தார். "உன் மூஞ்சி அழுதா எவன் நம்புவான்?" என்று ஸ்டுடியோ முதலாளி சிரித்துவிட்டார். மணிலாவில், சம்பலோக் பகுதியில் எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். அவருக்குத் துணி தைப்பவள் நான். சந்தையில் மீன்காரிகள் அவருக்கென்றே கெட்ட மீனாகப் பார்த்துப் போடுவார்கள்.

ஐம்பத்து நாலு மே மாதச் சிலுவை ஊர்வலத்துக்கு, சினிமா முகம் வந்தால் கூட்டம் சேரும் என்று, சிலுவையைக் கண்டெடுத்த எலேனா ராணியாக அவரைக் கோயில்காரர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன். ஆனால் ராணி தனியாக நடக்கக் கூடாது. அவள் மகனாகக் குட்டி இளவரசன் வேஷத்தில் ஒரு பையன் கையைப் பிடித்து வரவேண்டும். போன படத்தில் மாற்றாந்தாயாக வந்து ஒரு பிள்ளையைக் கிள்ளிக் கிள்ளிப் பட்டினி போட்டவருக்கு எந்தத் தாய் பிள்ளையைத் தருவாள்? ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்குள் கிடைக்காவிட்டால் கிரீடம் ரொட்டிக்கடைக்காரர் மகளுக்கு.

வெள்ளிக்கிழமை ராணி உடைக்கு அளவு பார்க்கும்போது என்னிடம் கேட்டார்.

"பாசிங், உன் மகன் செல்சோவ அனுப்புறியா? ஒரு மணி நேரந்தான்."

"அவங்கப்பாவக் கேட்டுச் சொல்றேன்க்கா."

"அனுப்பேன். அவன் உடம்புல நீ கிள்ளாத எடமா பாக்கியிருக்கு?" என்றார் ராத்திரி என் வீட்டுக்காரர்.

சரியென்றுவிட்டேன். நடிப்பு வேறு, ஆள் வேறு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்தப் படத்தை மூன்று தரம் பார்த்து மூன்று தரமும் அவரைச் சபித்தவள்தான் நான்.

ஊர்வலத்தில் யாரும் ராணியைப் பார்க்கவில்லை. பிள்ளையின் கையைத்தான் பார்த்தார்கள். நானும் அதையே பார்த்துக்கொண்டு ஓரமாக நடந்தேன்.

"ஏ மகராசி, கிள்ளிடாத" என்று எவளோ கத்த, கூட்டம் சிரித்தது. அவர் நேரே பார்த்து நடந்தார்.

மருந்துக்கடைத் திருப்பத்தில் சடாரென்று செல்சோவின் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவன் வீறிட்டான். "பாத்தியா, பாத்தியா" என்று கூட்டம் கொதித்தது. முதலில் பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கியது நான்தான். அத்தனை பேர் முன்னால் அவன் சட்டைக் கையைத் தூக்கிக் கிள்ளின தடத்தைத் தேடினேன்.

ஒரு தடமும் இல்லை. அவன் மேலங்கியின் ஓரம்தான் கருகியிருந்தது. பின்னால் வந்தவளின் மெழுகுவத்தி சாய்ந்து பற்றிய நெருப்பை அவர் வெறுங்கையால் அமுக்கியிருக்கிறார். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

வெட்கத்தில் செத்தேன். செல்சோவின் கையை மறுபடி அவரிடம் நீட்டினேன்.

"வேணாம் பாசிங். நீ பயந்துட்ட" என்றார்.

மீதி வழியெல்லாம் ராணி தனியாகத்தான் நடந்தார்.