மாடிப்படியில் மாட்டிய தேர்

என் அண்ணன் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போன கடையில்தான் அந்தப் படங்களைப் பார்த்தேன். பெரிய காஞ்சிபுரத்தில் புதிதாகத் திறந்த மூன்று மாடிக் கடை. படிக்கட்டுச் சுவரில் தங்க நிறச் சட்டம் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டி விளக்கு எரியவிட்டு, ஆறு படங்களை மாட்டியிருந்தார்கள். முதல் படம் ஒரு கோயில் தேர். அதன் சக்கரத்தடியில் ஒருவன் குனிந்து முட்டுக்கட்டையைச் செருகுகிறான். தேரின் கலசத்துக்குப் பக்கத்தில் வேப்பிலை வடிவத்தில் ஒரு பழுப்புக் கறை. அந்தக் கறையை எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் இந்த ஊர்ப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை. எங்கள் நூலக அலமாரியின் அடித்தட்டில், பழைய வருகைப் பதிவேடுகளுக்குக் கீழே கிடந்த புத்தகத்தில் இருந்த படம் அது. பொருள்கள் ஏன் நகர்கின்றன, ஏன் நிற்கின்றன என்பதைத் தமிழில் விளக்கிய மிகப் பழைய புத்தகம். சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஓடும் வரிகள், பழைய எழுத்தில் யானைத் துதிக்கை போட்ட லை, னை. முதலில் ஒரு பக்கம் படிக்கவே அரை மணி நேரம் ஆனது. முதல் தாள் கிழிந்து போயிருந்ததால் எழுதியவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் தேரோட்டத்தை நின்று கவனித்தவர் என்பது மட்டும் தெரிந்தது. கிளப்புவதற்கு அத்தனை கைகள் வேண்டியிருக்கிற தேர், கிளம்பிய பின் நிற்க மறுப்பது ஏன் என்ற கேள்வியிலிருந்துதான் அவர் தொடங்கியிருந்தார். பிறகு கவண் கல், ஊஞ்சல், சாய்ந்த பலகையில் உருளும் குண்டு என்று இன்னும் பல. ஒவ்வொன்றுக்கும் தனித் தாளில் ஒரு படம். சென்னையில் பழைய நூல்களைப் பாதுகாக்கும் ஒரு நூலகத்துக்குப் போன் செய்தேன். இப்படியொரு பிரதியைத் தாங்கள் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். கொண்டு வந்தால் ஸ்கேன் செய்வதாகவும் சொன்னார்கள்.

உடனே கொண்டு போயிருக்க வேண்டும். அதற்குள் ஆண்டு விழாக் கண்காட்சி வந்தது. அதில் வைக்கப் புத்தகம் வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். வெள்ளைத் துணியில் சுற்றி என் கையாலேயே கொடுத்தேன். விழா முடிந்து இரண்டு முறை திருப்பிக் கேட்டேன். பத்திரமாக இருக்கிறது என்றார். மூன்றாம் முறை நான் கேட்கவில்லை.

படியிலேயே நான் நிற்பதைப் பார்த்து முதலாளி வந்தார். தறியிலிருந்து கடைக்கு வந்த மனிதர், மரியாதையாகப் பேசுபவர். எந்தப் பள்ளி ஆசிரியை என்று சொல்லி, படங்கள் எங்கே கிடைத்தன என்று கேட்டேன்.

“உங்க ஸ்கூல்லதாம்மா குடுத்தாங்க. பழைய படம் மாட்டினா கடைக்கு ஒரு ரிச் லுக் வரும்னு டிசைனர் சொன்னாரு. ஹெச்.எம். சாரே எடுத்துக்கினு வந்தாரு.”

மேலேயிருந்து அண்ணி கூப்பிட்டாள். அரக்குக் கலர் முடிவாகிவிட்டதாம். போய் உட்கார்ந்தேன். ஜரிகையைத் தடவிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றேன். அவர்கள் கொடுத்த பாதாம் பாலையும் குடித்தேன். அந்த இனிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். புத்தகத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. மேசையில் பிரிண்டர் ஆடாமலிருக்க அதை அடியில் வைத்திருந்தார். மேலட்டையில் டீ டம்ளர் வட்டங்கள் இரண்டு. பிரிண்டரைத் தூக்கி அதை உருவியெடுத்தேன். படம் இருந்த இடங்களிலெல்லாம் விரலகலத் துண்டுதான் மிச்சம். ஓரிடத்தில் பிளேடு வழுக்கி, விழும் பொருள்களைப் பற்றிய பக்கத்தையும் குறுக்கே கிழித்திருந்தது.

அவர் சங்கடப்படவே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“படத்த மட்டும்தான டீச்சர் எடுத்தோம்? எழுத்து அப்படியே இருக்குதே,” என்றார். “அலமாரில கரையான் தின்னுக்கினு இருந்திருக்கும். இப்ப நாலு பேரு பாக்குறாங்க. அந்தக் கடைக்காரரு பசங்களுக்குக் குடிதண்ணி மெஷின் வாங்கித் தந்தவரு, நாம பதிலுக்கு ஒண்ணும் தர வேணாவா?”

அந்த இயந்திரத்துத் தண்ணீரைத்தான் நானும் தினமும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். ஆனாலும் “இது உங்க பொருள் இல்ல சார்,” என்று மட்டும் சொன்னேன். யாருடைய பொருளும் இல்லையே என்று சிரித்தார். எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். நிர்வாகத்திலிருந்து இதுவரை ஒரு வரி பதிலும் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மாலையே கடைக்குத் திரும்பப் போய், படங்களைத் தந்துவிடும்படி கேட்டேன். முதலாளி பொறுமையாகத்தான் கேட்டார். புத்தகத்திலிருந்து வெட்டியது தனக்குத் தெரியாது என்றார். அதை நம்புகிறேன். ஆனால் தெரிந்த பிறகும் அவர் கை சட்டத்தின் பக்கம் போகவில்லை.

“கண்ணாடி போட்டு ஒட்டியாச்சும்மா, பிரிச்சா கிழிஞ்சிடும். வேணும்னா கலர் ஜெராக்ஸ் போட்டுத் தரேன். அப்படியே ஒரிஜினல் மாதிரி இருக்கும்.”

ஜெராக்ஸ் வேண்டாம் என்றேன். செல்போனை எடுத்து, குட்டி விளக்குகளின் பளபளப்புக்கு நடுவே, ஆறையும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தேன். படியில் ஏறியவர்கள், செல்ஃபி எடுக்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

புத்தகத்தை அந்த வாரமே சென்னைக்கு எடுத்துப் போனேன். ஸ்கேன் செய்த இளம்பெண் ஒவ்வொரு தாளையும் மெல்லிய தூரிகையால் துடைத்தாள். வெட்டுண்ட துண்டுகள் வந்தபோது, அவற்றைத் தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். தள்ளவில்லை. ஒவ்வொன்றையும் நீவி விட்டு, அதையும் ஒரு பக்கமாகவே எடுத்தாள். “யாரு மேடம் இப்படிப் பண்ணது?” என்று கேட்டாள்.

எங்கள் பள்ளி என்று சொல்ல வாய் கூசியது. சொன்னேன். கொண்டு போய்க் கொடுத்தவள் நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் நிமிர்ந்து ஒரு தரம் பார்த்துவிட்டு, அடுத்த தாளைப் புரட்டினாள்.