கிளட்ச் பிரிக்க ஈக்காட்டுத்தாங்கல் போய் வந்தது

காலை ஏழு மணிக்கு மயிலாப்பூரிலிருந்து கிளம்பினோம். எங்கள் பழைய மோட்டார் சைக்கிளைக் குட்டியானை வேனில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியாயிற்று. முன்னால் டிரைவர் பக்கத்தில் என் வீட்டுக்காரர், ஓரத்தில் நான். ஒன்பது கிலோமீட்டருக்கு வாடகை எண்ணூறு ரூபாய்.

எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கிய வண்டி. முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து மூன்று மழைக்காலம் தார்ப்பாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. போன வாரம் உதைத்தார், எஞ்சின் ஓடியது. கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டுதான் கியர் போட்டார். அப்படியும் வண்டி பாய்ந்துபோய் வாசல் கேட்டில் முட்டியது. கிளட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டதாம்.

"இன்னைக்கு சரியாவலன்னா புதுப்பேட்டைல பழைய இரும்புக்கு உடைக்கப் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

எனக்குத்தான் அந்த வண்டி வேண்டும். வெளியாரிடம் பேச எனக்குக் கூச்சம். ஷேர் ஆட்டோவில் 'நிறுத்துப்பா' என்று சொல்ல வாய் வராமல், மந்தைவெளியில் இறங்க வேண்டியவள் அடையாறு வரை போயிருக்கிறேன். இவர் வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. முதுகில் ஒரு விரலால் குத்தினால் நிறுத்திவிடுவார்.

தேனாம்பேட்டை சிக்னலில் டிரைவர், "காயலாங்கடைக்கா சார்?" என்று கேட்டார். இவர், "ரிப்பேருக்குப்பா. நீ ரோட்டப் பாரு" என்றார்.

ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறைக்கு அடுத்து ஜமால் பாயின் மெக்கானிக் கடை. அவர் எண்ணெயை வடித்துவிட்டுப் பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே வட்டத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன. ஓர் இரும்புத் தகடு, அடுத்து கார்க் பதித்த தகடு என்று மாறி மாறி இருக்குமாம்.

"நெம்பி எடு பாய்" என்றார் இவர்.

"நெம்புனா கார்க்கு அப்பளமாட்டம் நொறுங்கிடும் சார். வேற எங்க போய் வாங்குவ? அவசரம்னா டீ குடி."

மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். அப்புறம் மெல்லிய கத்தியை நுழைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேப்பரில் வரிசையாகப் பரப்பினார். ஒன்றுகூட உடையவில்லை. பத்தரை மணிக்கு இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. துணி கிடந்தது, தகடுகளைத் துடைத்து, இரும்பு தனி, கார்க் தனி என்று அடுக்கிவைத்தேன்.

திரும்பி வந்த பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா, பாத்திரம் கழுவிக் கவுத்தாப்ல கீது? ஒண்ணோட ஒண்ணு தேஞ்சு பழகுனதும்மா. ஜோடி மாறுனா கிளட்ச்சப் பிடிச்சாலும் வண்டி மறுபடியும் இழுக்கும்."

"உன்ன யாரு தொடச் சொன்னா?" என்றார் இவர். "முடிஞ்சுது. புதுப்பேட்டைதான்."

பாயின் முகத்தைப் பார்க்காமல் தகடுகளைப் பார்த்துச் சொன்னேன்: "வரிசை மாறலீங்க. இந்தக் கோடியிலேருந்துதான் எடுத்தேன். மொதல்ல எடுத்தது அடியில, கடைசியா எடுத்தது மேல. ரெண்டு அடுக்குலயும் அப்படித்தான்."

பாய் மேலே இருந்த இரண்டையும் எடுத்து வெளிச்சத்தில் ஒட்டிப் பார்த்தார். தேய்ந்த தடம் பொருந்தியது. "அட, கரெக்டாதான் கீது. சார், நீ நவுரு. நீயே எடுத்துக் குடும்மா."

மேலிருந்து மாறி மாறி எடுத்து, கடைசிக் கோடியிலிருந்து மறுபடி பரப்பினோம். கார்க்கை எண்ணெயில் நனைத்து, நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவர் மாட்டினார். ஸ்பிரிங்கை முறுக்கி, மூடியைப் போட்டு, புது எண்ணெய் ஊற்றினார். ஸ்டாண்டில் நிறுத்திக் கியர் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு, "சக்கரத்த சுத்தும்மா" என்றார். சுற்றினேன். லேசாகச் சுற்றியது.

பகல் ஒன்றரைக்கு வண்டியிலேயே திரும்பினோம். பட்டறைகளின் இரைச்சல் பின்னால் போனது. கிண்டி சிக்னலில் இவர் கிளட்ச்சைப் பிடித்துக் கியரிலேயே நிறுத்தினார், வண்டி அசையவில்லை. அடையாறு பாலத்தில் காற்று நன்றாக வீசியது. காலையில் இதே தூரம் எவ்வளவு நீளமாக இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மந்தைவெளி வந்ததும் அவர் முதுகில் ஒரு விரலால் குத்தினேன். ஓரமாக நிறுத்திக் காலை ஊன்றினார்.

"இன்னா வாங்கணும்?"

"ஒண்ணும் வேணாம். நிக்குதான்னு பாத்தேன்" என்றேன்.