ஜீப்பின் கார்ப்பெட்டுக்கு அடியில்

மந்தைவெளியில் எனக்கு ஒரு பல் கிளினிக் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களின் வாயைத் திறந்து பார்ப்பதுதான் என் தொழில். சீழ், அழுகிய ஈறு, பல்லிடுக்கில் நாள்கணக்கில் சிக்கிக் கிடந்து புளித்த இறைச்சி நார், எதைப் பார்த்தும் நான் முகம் சுளித்ததில்லை. அப்படிப்பட்ட நான், கோடம்பாக்கத்தில் ஒரு பட்டறை வாசலில், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்கக் குனிந்து வாந்தி எடுத்தேன். காரணம் ஒரு ஜீப்.

ஜீப்பை வாங்கியவர் என் கணவர். வங்கி வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த முதல் மாதமே வீடியோ பார்க்கத் தொடங்கிவிட்டார். மலைப்பாதையில் ஜீப் ஓட்டிக்கொண்டு போய், ஆற்றங்கரையில் நிறுத்தி, அதற்குள்ளேயே சமைத்து அதற்குள்ளேயே படுத்து எழுந்திருக்கிறவர்களின் வீடியோ. எவனோ ஒருவன் வண்டியின் பின்கதவைத் திறந்து, இழுப்பறையை இழுத்து, அதிலிருந்து அடுப்பை எடுத்துக் காபி போடுவான். அதை இவர் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்ப்பார். "நாமளும் போலாம்டி" என்பார். போகலாம் என்றேன். பொய்யில்லை, எனக்கும் ஆசை இருந்தது. காலையும் மாலையும் ஒரே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோன எனக்கு, ஜன்னலில் வேறு எதையாவது பார்த்தால் போதும் என்றிருந்தது.

வண்டி அவருடைய நண்பருடையது. இருபது வருடப் பழக்கம். அடையாறில், ஆற்றுக்குப் பக்கத்து அடுக்குமாடியில் இருக்கிறார். இருவரும் தினமும் காலையில் திருவான்மியூர் கடற்கரையில் நடப்பார்கள். என்னை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஜீப்பைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தியபோதும், "தங்கச்சி, வீட்டுப் பொண்ணைக் கட்டிக்குடுக்கிற மாதிரி குடுக்கிறேன், பாத்துக்கோ" என்றார். உள்ளே ஏறினால் மல்லிகை வாசனை மூச்சை அடைத்தது. அட்டை வடிவில் ஒன்று, ஏசி துவாரத்தில் ஒன்று, சீட்டுக்கு அடியில் ஒன்று என்று மூன்று வாசனை டப்பாக்கள். ரசனைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீப்பைத் தங்கும் வண்டியாக மாற்றும் வேலைக்கு ஒருவரைப் பிடித்தோம். படப்பிடிப்புக்குப் போகும் கேரவன்களுக்கு லைட், ஏசி, ஜெனரேட்டர் இணைப்பு எல்லாம் போட்டுக்கொடுத்து வந்தவர், இப்போது இப்படி ஊர்சுற்றும் வண்டிகளுக்கும் செய்கிறார். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். கோடம்பாக்கத்தில் ஒரு சந்துக்குள் பட்டறை. என் கணவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கேட்டதில் பாதியை வேண்டாம் என்றார். "ஃப்ரிட்ஜு சின்னதா போதும் சார். பெருசு வெச்சா பேட்டரி மொத்தத்தையும் அதுவே துன்னுடும். வண்டி ஓடுறப்போ இன்னொரு பேட்டரி தானா சார்ஜ் ஏறும். நின்னுக்கினு இருக்கிறப்போ மேல சோலார். ஃபேனு, லைட்டு, ஃபோனு, அவ்ளோதான்."

இழுப்பறைகளை மட்டும் நான் வரைந்து கொடுத்தேன். கிளினிக்கில் கருவிகள் வைக்கும் அலமாரி மாதிரி, ஆழம் குறைந்து, நீளமாக இரண்டு. அவற்றின் மேல் மடக்குப் பலகை. விரித்தால் முன்சீட்டின் முதுகு வரைக்கும் வரும், அதன்மேல் ரெக்சின் போட்ட மெத்தை. ஆள் நீட்டிப் படுக்க இடம் போதுமா என்று பார்க்க, பின்சீட்டைக் கழற்றியதும் நானே உள்ளே ஏறி கார்ப்பெட்டின் மேல் குப்புறப் படுத்துக் காட்டினேன். கன்னம் கார்ப்பெட்டில் பட்டது. லேசாக ஈரம் இருந்ததுபோல் தோன்றியது. என் வியர்வை என்று நினைத்தேன். பட்டறைக்காரர் டேப்பால் அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதினார். அன்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பட்டறைக்காரரிடமிருந்து அழைப்பு வந்தது. "டாக்டர்மா, சாரையும் இட்டுக்கினு கொஞ்சம் வந்துட்டுப் போங்க." வேறு எதுவும் சொல்லவில்லை.

நாங்கள் போனபோது ஜீப்பின் நாலு கதவும் திறந்திருந்தன. கார்ப்பெட் பாதி உரிக்கப்பட்டிருந்தது. அதற்கு அடியில் இன்னொரு கார்ப்பெட். அது கார்ப்பெட் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. கரைத்து வைத்த புளி கெட்டிப்பட்ட மாதிரி கறுப்பாக, பளபளவென்று, விரல் கனத்துக்கு ஒரு படிவு. அதில் தலைமுடிச் சுருள்கள், உப்பிப்போன ஷாம்பூ பாக்கெட், கரப்பான் முட்டைகள், யாரோ காயத்தில் ஒட்டிப் பிய்த்த பிளாஸ்திரி. மல்லிகை வாசனைக்கு அடியில் அதுவரை பதுங்கியிருந்த நாற்றம் முழுசாக வெளியே வந்து நின்றது.

"முயுகுன வண்டி சார் இது" என்றார் பட்டறைக்காரர். "ரெண்டு வருசம் முன்னாடி பேஞ்ச மழைல நின்னுக்கும். கூவமோ, டிரெய்னேஜோ, உள்ள பூந்துகீது."

"இருக்காதுங்க. இது என் ஃப்ரெண்டு வண்டி" என்றார் என் கணவர்.

"யார் வண்டியா இருந்தா இன்னா சார்? இங்க பாருங்க. பயசை எடுக்கவே இல்ல. அதும் மேலயே புச்ச போட்டு ஒட்டிக்கீறாங்க. பசை எப்டி காஞ்சிகீது பாருங்க." ஸ்க்ரூடிரைவரால் ஓரத்தை நெம்பித் தூக்கினார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். சீட் ஓடும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இரண்டு நீளமான மஞ்சள் முன்பற்கள். பற்களைப் பார்த்தால் என் கண் தானாக அங்கே போகும். தாடை, அதோடு ஒட்டிய தோல், அதில் இன்னும் உதிராத முடி. பெருச்சாளி. முந்தின நாள் நான் கன்னத்தை வைத்துப் படுத்த இடம் அதற்கு நேர் மேலே. என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அதற்குப்பிறகுதான் ஓடிப்போய் வாசலில் குனிந்தேன்.

வாய் கொப்பளித்துவிட்டு வந்தபோது கணவர் பட்டறைக்காரரிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். "யாராவது ஆள் இருந்தா சொல்லி அள்ளிடச் சொல்லுங்களேன். கேக்கிறத குடுத்துடலாம்."

பட்டறைக்காரரின் முகம் மாறிவிட்டது. "சாக்கடை சார் இது. இதுல கை வெய்யின்னு என் ஆளுங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். உங்க வண்டி. தண்ணி வேணும்னா ஓஸு தரேன்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது செய்வேன் என்கிற பார்வை. திருமணமான நாளிலிருந்து எனக்குத் தெரிந்த பார்வை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதைக் கழுவினேன். கிளினிக் கையுறையை இரட்டையாகப் போட்டுக்கொண்டு, மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டுக்கொண்டு. கரண்டியால் அள்ளினேன். தகட்டின் மடிப்புகளில் இறுகியிருந்ததைப் பற்காரை சுரண்டும் பழைய கருவிகளால் சுரண்டினேன். அந்தக் கருவிகளைப் பிறகு தூக்கிப்போட்டுவிட்டேன். தண்ணீர் விடவிட, கதவுக்குள்ளிருந்து, சீட்டின் பஞ்சுக்குள்ளிருந்து, நான் நினைத்தே பார்க்காத துளைகளிலிருந்தெல்லாம் கறுப்பாக வழிந்துகொண்டே இருந்தது. கணவர் பத்தடி தள்ளி மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு ஓஸைப் பிடித்தார். "அந்த மூலைல இன்னும் இருக்கு பாரு" என்றார். அந்த ஓஸைப் பிடுங்கி அவர்மேலேயே அடிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அடித்திருக்கலாம்.

அடுத்த நாள் காலை நானும் கடற்கரைக்கு நடக்கப் போனேன். நண்பர் அருகம்புல் சாறு விற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். "அடடே, தங்கச்சியும் வந்திருக்கே!" என்றார்.

"அண்ணா, ஜீப் வெள்ளத்துல முழுகினது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் டம்ளரிலிருந்து வாயை எடுக்காமலே சிரித்தார். "நம்ம ஏரியாவுல முழுகாத வண்டி எதும்மா?"

"புது கார்ப்பெட்டை யாரு போட்டது?"

"மெக்கானிக் ஏதோ பண்ணான். நான் கேட்டுக்கல."

"ஏன் கேட்டுக்கல?"

"கேட்டுக்கிட்டா அப்புறம் உங்ககிட்ட சொல்ல வேண்டி வருமே!" என்று சொல்லி, பெரிய நகைச்சுவையைச் சொல்லிவிட்டவர்போல் என் கணவரின் தோளில் தட்டினார். மேலுதட்டில் பச்சை நுரை. அதைப் புறங்கையால் துடைத்து, அந்தக் கையாலேயே மறுபடியும் தட்டினார்.

என் கணவரும் சிரித்தார். முதலில் லேசாக, பிறகு அவரோடு சேர்ந்து நன்றாகவே. இருபத்து நாலு வருடம் கூட வாழ்ந்தவர்மேல் எனக்குக் கோபம் வந்ததுண்டு, சலிப்பு வந்ததுண்டு. அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், "ஒரு வண்டிக்காக இருபது வருஷ நட்பை விட முடியுமா?" என்றார்.

"அந்த இருபது வருஷம் அவருக்கும்தானே?"

கார் எஃப்எம்மைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

பட்டறைக்காரர் வேலையை நேர்மையாக முடித்துக் கொடுத்தார். பச்சை பூத்திருந்த இணைப்புகளையெல்லாம் வெட்டி எறிந்து புது ஒயர் இழுத்தார். இழுப்பறைகள் ஒரு விரலால் தள்ளினால் மூடிக்கொண்டன. மெத்தை, ஃபேன், விளக்கு, எல்லாம் நான் வரைந்த மாதிரியே. பார்க்க அவ்வளவு அழகு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சவுக்குத் தோப்புக்கு அதில் போனோம். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் தகரம் சூடேறியதும், எங்கேயோ ஒரு மடிப்பில் மிச்சமிருந்தது மூச்சுவிடத் தொடங்கியது. அந்தப் புது மெத்தைமேல் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தை ஒரு வாய் வைத்தேன். விழுங்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். "வித்துடலாம்" என்றார் கணவர். நான் சரி என்றேன்.

தி. நகரிலிருந்து ஒரு தம்பதி பார்க்க வந்தார்கள். இருவரும் முப்பது வயதுக்காரர்கள். ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று. அவர்கள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் கணவர் என் கையில் ஒரு ஸ்ப்ரேயைக் கொடுத்து, "உள்ள கொஞ்சம் அடிச்சு விட்டுடு" என்றார். நான் அடித்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் அடித்தேன். மெத்தைக்கு அடியில், இழுப்பறைக்குள், கதவு ஓரங்களில், கைதேர்ந்தவள்போல்.

அவர்களுக்கு வண்டி பிடித்துப்போய்விட்டது. அந்தப் பெண் இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடினாள். குழந்தை மெத்தைமேல் ஏறிக் குப்புறப் படுத்து, கன்னத்தை ரெக்சினில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

"வெள்ளத்துல ஏதும் ஆகலையே சார்?" என்று கேட்டார் அந்தப் பெண்ணின் கணவர்.

"சேச்சே. மேடான பார்க்கிங்ல நின்ன வண்டி" என்றார் என்னுடையவர். எவ்வளவு இயல்பாக வந்தது அது.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "மேடம் டாக்டர்னு சொன்னாங்க. அதனாலதான் நம்பி வந்தோம்."

"குழந்தையை இறக்குங்க" என்றேன்.

இறக்கிய பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மெத்தையைத் தூக்கி, தகட்டில் நிரந்தரமாகப் படிந்திருந்த தண்ணீர்க் கோட்டைக் காட்டினேன். பெருச்சாளியையும் சொன்னேன். அவர்கள் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஈரத்தாள் எடுத்துக் குழந்தையின் கன்னத்தைத் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள். "தெரிஞ்சே சென்ட் அடிச்சு வெச்சிருக்கீங்களா மேடம்?" என்றாள். என் கணவரை அவள் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள். என் விரல்களில் அந்த வாசனை இருந்தது.

அவர்கள் போனதும், "இப்ப திருப்தியா?" என்று கேட்டுவிட்டுக் கணவர் உள்ளே போனார்.

கடைசியில் பட்டறைக்காரரே எடுத்துக்கொண்டார். "எல்லாம் தெரிஞ்சவன் நானு. யாரு மேலயும் குத்தம் சொல்ல மாட்டேன்" என்றார். படுக்கையைக் கழற்றிவிட்டு லைட்டும் கேபிளும் ஏற்றிக்கொண்டு போகிறார். தூங்குவதற்கு இல்லையென்றால் அதில் ஒரு குறையும் இல்லை என்கிறார். கணவர் இன்னும் தினமும் அதே நண்பரோடுதான் நடக்கிறார்.

இந்தத் தீபாவளிக்கு அந்த நண்பரின் மனைவி ஸ்வீட் பெட்டியோடு வந்தார். வாங்க என்றேன். உட்காரவைத்துக் காபியும் போட்டுக் கொடுத்தேன். புடவை, மழை, பிள்ளைகள் என்று பேச்சு ஓடியது. "ஜீப்ல எங்கேயாவது போனீங்களா?" என்று கேட்டார்.

"வித்துட்டோம்."

"நல்லதாப் போச்சு" என்றார், ஒரு மிடறு குடித்துவிட்டு. "எனக்கு அந்த நாத்தம் ஒத்துக்கவே இல்ல. நான் அதுல ஏறவே மாட்டேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மிச்சக் காபியைக் குனிந்தபடி குடித்து முடித்தார். நான் கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டேன்.