கலேவெலவில் நுளம்பு பொறுக்கிய காலம்

நேற்றுப் பக்கத்து வீட்டில் நுளம்பு மருந்து அடித்தார்கள். மண்ணெண்ணெய் கலந்த அந்த வாடை ஜன்னலால் வந்ததும் தும்மினேன். தும்மல் என்னை நேரே கலேவெலவுக்குக் கொண்டுபோய்விட்டது.

பேராதனையில் விலங்கியல் படித்தவன் நான். எல்கடுவத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த அப்பாவுக்கு, தவளை அறுக்கப் படித்த மகன் ஏன் டாக்டராகவில்லை என்பது கடைசிவரை விளங்கவில்லை. கூடப் படித்தவர்கள் வாத்தியாரானார்கள், சிலர் தேயிலை ஆராய்ச்சிக்குப் போனார்கள். எனக்கு வாய்த்தது மலேரியா இலாகாவில், கலேவெலவில் நுளம்பு பிடிக்கும் உத்தியோகம்.

விடிகாலையில் ஒரு வீட்டுக்குப் போய், அறையில் வெள்ளைத்துணி விரித்து, கதவடைத்து மருந்தடிக்க வேண்டும். செத்து விழுவதைப் பொறுக்கி இனம் பார்க்க வேண்டும். என்னைக் கண்டாலே காய்ச்சல் வந்துவிட்டதென்று ஊரார் ஒதுங்கினார்கள். பேச ஆளில்லாமல், வாடகை அறையில் நுளம்புகளின் லத்தீன் பெயர்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். பைத்தியம் பிடிக்காததே பெரிய காரியம்.

கடை வைத்திருந்த காசிம் நானாதான் முதலில் கூப்பிட்டு பால் விடாத இஞ்சிப் பிளேன்டி தந்தார். பிறகு அவர் மனைவி, நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டவர், ரொட்டியும் தர ஆரம்பித்தார். அந்த ஒரு வீடும் போனால் எனக்கு யாருமில்லை.

"நம்ம ஊட்டையும் ஒருக்கா பாருங்க தம்பி" என்றார் நானா. மறுநாள் போய்த் துணியை உதறி விரித்தேன். ராத்தா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"அத விரிக்காதீங்க தம்பி. எங்கட ஒரே மகன இப்பிடித்தான் வெள்ளயில சுத்திக் கொண்டுபோனாங்க."

"என்னாச்சு ராத்தா?"

"காய்ச்சல்."

வெள்ளை இல்லாவிட்டால் நுளம்பு கண்ணுக்கே தெரியாது. இருந்தும் ஓடிப்போய் நான் உடுக்கும் நீலக் கட்டம்போட்ட சாரத்தைக் கொண்டுவந்து விரித்தேன். மேலதிகாரி கண்டிருந்தால் வேலை போயிருக்கும். மருந்தடித்து, கதவைத் திறந்து, மண்டியிட்டுத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. முக்காட்டைச் செருகிக்கொண்டு ராத்தாவும் எதிரே குந்தினார். நானா விளக்கைப் பிடித்தார்.

"இதா இருக்கு! இந்தச் சனியனா தம்பி எங்கட புள்ளய கொண்டுபோன?"

"இந்த இனந்தான், ராத்தா."

அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.  அந்த ஊரில் நான் தனியாக இல்லாத ஒரே காலை அதுதான்.

இப்போது நாட்டில் மலேரியாவே இல்லை என்கிறார்கள். சந்தோஷம். அதற்காகத்தானே நுளம்பு பொறுக்கினேன். நானாவும் போய்விட்டார், ராத்தாவும் போய்விட்டார். அந்தப் பிள்ளையை நினைக்க நான் ஒருவன்தான் மிச்சம். எனக்கோ அவன் பெயர் தெரியாது.