அம்மா சுமந்து வந்த காகிதம்

1942-ஆம் வருஷம். தென்காசியில் பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. எனக்குப் பத்து வயது. பர்மாவிலிருந்து நானும் அம்மாவும் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ரங்கூனில் அப்பாவுக்கு அரிசி மில்லில் வேலை, அம்மாவுக்கு வீட்டிலேயே தையல். குண்டு விழ ஆரம்பித்ததும் ஊரே கிளம்பியது. கிளம்பும் முன் அம்மா என் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, நான் நான்காம் வகுப்பு தேறியதற்கான சர்டிபிகேட்டை வாங்கி வந்துவிட்டாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலேயே அந்தக் காகிதத்தின் மேல் அவ்வளவு மதிப்பு.

நடைதான். வழியில் காலரா வந்து அப்பா போய்விட்டார். அடுத்த நாள் மலை ஏற வேண்டும். பெட்டியைத் தூக்க ஆளில்லை. அம்மா பெட்டியைத் திறந்து காகிதங்களை என் முன்னால் பரப்பினாள்.

"இதுல உன் பள்ளிக்கூடத்துக் காகிதம் எதுட்டி?"

அப்பாவைப் புதைத்த இடத்தைவிட்டு நகர மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா மேல்கூடக் கோபம். திரும்பிப் பார்க்காமலே ஒரு தாளைத் தொட்டு, "இதுதான்" என்றேன். கையில் இருந்த மெழுகுத்துணித் துண்டு ஒரு தாளுக்குத்தான் போதும். அம்மா அந்தத் தாளை அதில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள். மற்றதெல்லாம் பெட்டியோடு அங்கேயே கிடந்தது.

தென்காசியில் மாமா வீட்டில் தங்கினோம். அம்மாவுக்குக் குற்றாலத்தில், சீசனுக்கு வருகிறவர்கள் தங்கும் ஒரு பங்களாவில் சமையல் வேலை கிடைத்தது. மாமா நல்லவர்தான். ஆனால், "பொட்டப் புள்ளைக்கு என்னத்துக்கு இனி படிப்பு? இங்கன பீடி சுத்தப் பழகட்டும்" என்பார்.

"காகிதம் இருக்குண்ணே. அஞ்சாங் கிளாசுல சேத்துட்டு வந்துருதேன்" என்று அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

தலைமை ஆசிரியை மெழுகுத்துணியைப் பிரித்தார். படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். எங்களை நிமிர்ந்து பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஏம்மா, இது தையல் மெஷினுக்கு எங்கெங்க எண்ணெய் விடணும்னு போட்ட தாள்."

எனக்கு மலையடிவாரமும் நான் பார்க்காமல் தொட்ட தாளும் ஞாபகம் வந்தன. அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தப்பு எம்மேலதான் டீச்சர். நான் தற்குறி, மாத்தி எடுத்துட்டேன் போலுக்கு. ஆனா புள்ளைக்குப் படிப்பு வரும். கேட்டுப் பாருங்க."

நான் வாய் திறக்கவில்லை. பழியை அம்மாவே ஏற்றுக்கொண்டு நின்றாள்.

சர்டிபிகேட் இல்லாவிட்டால் ஒன்றாம் வகுப்பில்தான் சேர்க்க முடியும் என்றார் ஆசிரியை. சொன்னவர், கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தத் தாளையே என்னிடம் நீட்டினார். "சரி, இதைப் படி பார்ப்போம்."

இங்கிலீஷ் தாள். ரங்கூன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முதல் வரியிலேயே தடுமாறினேன். அம்மா என் முதுகில் கை வைத்தாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி, மெஷினைத் துடைப்பதிலிருந்து எண்ணெய் விடுவது வரை மொத்தமும் படித்து முடித்தேன். ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கணக்குக் கொடுத்தார். அதையும் போட்டேன். ஐந்தாம் வகுப்பு என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு, கைநாட்டு வைக்கச் சொல்லி அம்மா பக்கம் மை டப்பாவைத் தள்ளினார்.

அங்கிருந்து அம்மா வேலைக்குக் கிளம்பினாள். நானும் கூடவே குற்றாலத்துக்கு நடந்தேன். சாரலில் இரண்டு பேரும் நனைந்தோம். அருவிச் சத்தம் கேட்கிற தூரம் வந்ததும் அடக்க முடியாமல் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா நின்றுவிட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு நீ எந்த நெலைமையில இருந்தேன்னு எனக்குத் தெரியாதாட்டி?" என்றாள். பிறகு மெதுவாக, "மலையெல்லாம் நெஞ்சு பதறப் பதறக் காப்பாத்திட்டு வந்தது என்னன்னு எனக்கே தெரியலையே. அதைத்தான் தாங்க முடியல. இன்னைக்கே எனக்கு எழுத்தைச் சொல்லிக்குடு" என்றாள்.

அன்று சாயங்காலம் பங்களா அடுப்படியில் சாம்பலைப் பரப்பி 'அ' போட்டுக் கொடுத்தேன். கோணல்மாணலாக வந்தது. அழித்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போட்டாள். சாரல் காலம் முடியுமுன் தன் பெயரை எழுதினாள். அடுத்த வருஷம் நான் ஆறாம் வகுப்புக்குப் போனபோது பதிவேட்டில் கையெழுத்தே போட்டாள். போடும் முன் என் பெயர் எழுதியிருந்த வரியை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள். ஆசிரியை பொறுமையாகக் காத்திருந்தார்.

நான் படித்து வேலைக்குப் போனேன், நன்றாகவே இருக்கிறேன். ஆனால் இன்றும் யாராவது ஒரு காகிதத்தை நீட்டி, "இது என்னன்னு பாத்துச் சொல்லு தாயி" என்றால், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்த பிறகுதான் வாய் திறக்கிறேன்.